பிரம்பும் லத்தியும்

பிழைப்பை நாடிக் கன்னட நாட்டிற்கு வந்த தமிழர் ஒருவர், மைசூரில் கன்னட எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது இரண்டு சொற்கள் அவரைச் சற்றே திகைக்க வைக்கும். கல்வித் துறை அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'சிக்ஷண' என்ற சொல் இருக்கும். அதற்குக் கல்வி என்று பொருள். நாளிதழில் வரும் நீதிமன்றச் செய்தியில் 'சிக்ஷெ' என்ற சொல் இருக்கும். அதற்குத் தண்டனை என்று பொருள். இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. நம் தமிழும் இதற்கு விலக்கன்று. சங்கீத வித்துவான் ஒருவர் இன்னாரிடம் சிட்சை சொல்லிக்கொண்டார் என்கிறோம். குற்றவாளி சிட்சை அடைந்தான் என்றும் சொல்லியிருக்கிறோம். கற்பித்தலும் தண்டித்தலும் ஒரே சொல்லின் இரு முகங்களாக நம் மொழிகளில் வாழ்ந்து வருகின்றன.

ஆசிரியரின் கையில் இருக்கும்வரை இவ்விரு முகங்களும் ஒருவாறு இணங்கியே இருந்தன. பள்ளியின் வாயிலுக்குள் போலீசார் அழைக்கப்படும்போது அவை பிரிகின்றன. அதிலும், மாணவன் செய்த செயலுக்காக அல்லாமல் அவன் சொன்ன சொல்லுக்காகப் போலீசார் அழைக்கப்படும்போது, கல்வி வெளியேறித் தண்டனை மட்டுமே எஞ்சுகிறது. இது இன்று நேற்று எழுந்த வழக்கன்று. நூற்றிருபது ஆண்டு வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றில் மைசூர் நகருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

மைசூரில் இராமசாமி வட்டம் என்றொரு நாற்சந்தி உள்ளது. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் செல்லும் தமிழருள் பலர், அந்த இராமசாமி யாரோ ஒரு திவானாகவோ செல்வராகவோ இருக்க வேண்டும் என்று எண்ணக்கூடும். அப்பெயருக்குரியவன் ஒரு பள்ளி மாணவன். 1947 ஆகஸ்டு 15 அன்று பாரத நாடு விடுதலை பெற்றது. மைசூர் சமஸ்தானமும் இந்திய ஒன்றியத்தில் சேர இசைந்திருந்தது. எனினும், சமஸ்தானத்து மக்களுக்குப் பொறுப்பாட்சி இன்னும் வழங்கப்படவில்லை. செப்டம்பர் முதல் நாள் கே. சி. ரெட்டி முதலிய காங்கிரஸ் தலைவர்கள் 'மைசூர் சலோ' என்னும் கிளர்ச்சியைத் தொடங்கினர். மாணவர் வகுப்பறைகளை விட்டு வீதிக்கு வந்தனர். அம்மாதம், அந்நாளில் ஐந்து விளக்குச் சந்தி எனப்பட்ட அவ்விடத்தில், இராமசாமி என்னும் மாணவன் அதிகாரிகளின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தான். அப்போது திவானாக இருந்தவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார் என்னும் தமிழர் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அக்டோபர் மாதத்திலேயே மகாராஜா இணங்கினார், கே. சி. ரெட்டி முதலமைச்சரானார். சில வாரங்கள் பொறுத்திருந்தால் கைகூடிவிடக்கூடிய ஒன்றைக் கேட்டதற்காக ஒரு சிறுவனின் உயிர் போயிற்று.

மாணவர் குரலைக் கேட்டவுடன் போலீசாரை நினைக்கும் பழக்கம் நம் நாட்டு ஆட்சியாளர்க்கு எங்கிருந்து வந்தது? அதை அறிய 1905-ஆம் ஆண்டின் வங்காளத்திற்குச் செல்ல வேண்டும். கர்சன் பிரபு வங்காளத்தைப் பிரித்த காலம் அது. சுதேசி இயக்கத்தில் மாணவர் திரண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள், வங்காள அரசாங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பில் இருந்த கார்லைல், மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். மாணவர்கள் அரசியற் கூட்டங்களிலும் மறியல்களிலும் கலந்துகொண்டால், அவர்களுடைய பள்ளிக்கும் கல்லூரிக்கும் மானியம் நிறுத்தப்படும். உதவித்தொகைச் சலுகைகள் பறிபோகும். பல்கலைக்கழக இணைப்பையும் இழக்க நேரும். இவ்வளவும் அச்சுறுத்தலே எனினும் கல்வித் துறைக்குள் அடங்கியவை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கலகம் மூளும் இடங்களில் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் தனிப் போலீசாராகப் பதிவு செய்துகொண்டு அமைதி காக்கச் செய்யலாம் என்றும் அது கூறியது.

ஆசிரியர் போலீசாரை அழைப்பது ஒரு நிலை. ஆசிரியரே போலீசாராவது அதனினும் கொடிய நிலை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் கையே மாலையில் தடி ஏந்த வேண்டும் என்றால், மறுநாட் காலையில் எந்த மாணவன் தன் ஐயத்தை அவரிடம் கேட்பான்? வங்காளத்து மக்கள் இதனை உடனே உணர்ந்தனர். சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம் ஒன்றைக் கல்கத்தாவில் அமைத்தனர். இன்று வங்காளதேசத்தில் உள்ள ரங்கபூரில், சுதேசிக் கூட்டத்திற்குச் சென்ற மாணவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டபோது, பெற்றோர் அதனைச் செலுத்த மறுத்தனர்; அவ்வாண்டு நவம்பரிலேயே தங்கள் பிள்ளைகளுக்கெனத் தேசியப் பள்ளி ஒன்றைத் திறந்தனர். 1906-இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியதற்கும் இச்சுற்றறிக்கை ஒரு தூண்டுகோலாயிற்று. அடக்குவதற்காக எழுதப்பட்ட தாள் புதிய பள்ளிகளைப் பிறப்பித்தது.

அந்த அலை சென்னை மாகாணத்தையும் எட்டியது. 1907-இல் விபின சந்திர பாலர் இராஜமகேந்திரபுரம் வந்து பேசிச் சென்றபின், அங்கிருந்த மாணவர்கள் வந்தே மாதரம் சின்னத்தை அணிந்து வகுப்புக்கு வந்தனர். சட்டையில் குத்தப்பட்ட ஒரு சிறு சின்னம். அதனால் வகுப்பில் யாருக்கும் தீங்கில்லை. எனினும் மாணவர் பலர் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான காடிசெர்ல ஹரிசர்வோத்தம ராவ் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தவர். ஆசிரியராகியிருக்க வேண்டியவர் பத்திரிகையாளரானார். 1908-இல் எழுத்துக்காகவே சிறையும் சென்றார். பள்ளி துரத்திய இளைஞரைச் சிறை ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தின் பிற்பகுதியை மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழர் கதையாக்கித் தந்திருக்கிறார். அவர் ஆர். கே. நாராயணன். அவருடைய தந்தையார் மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். ஆகவே, தலைமையாசிரியரின் அறைக்குள் என்ன நடக்கும் என்பதை இவர் வீட்டிலேயே அறிந்தவர். 1935-இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் அவரது முதல் நாவலில், 1930 ஆகஸ்டு மாதத்தில், கற்பனை ஊராகிய மால்குடியில் மாணவர் வேலைநிறுத்தம் நிகழ்கிறது. சிறுவன் சுவாமிநாதன் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளியின் கண்ணாடிகளை உடைக்கிறான். அந்நியத் துணி என்று எண்ணித் தன் தொப்பியையும் நெருப்பில் எறிகிறான். பிறகுதான் தெரிகிறது, அது கதர்த் தொப்பி என்று! வீதியில் போலீசார் தடியடி நடத்துகின்றனர். அப்படைக்குத் தலைமை தாங்கி வருபவர் அவனுடைய உயிர்த்தோழன் இராஜத்தின் தந்தை. மறுநாள் பள்ளியில் தலைமையாசிரியர் பிரம்பை எடுக்கிறார்.

நாராயணன் இக்கதையில் இருவரையும் வெவ்வேறு இடங்களில் நிறுத்தியிருப்பதைக் கவனிக்க வேண்டும். லத்தி வீதியில் இருக்கிறது. பிரம்பு வகுப்பில் இருக்கிறது. தலைமையாசிரியர் கடுமையானவர்தாம், பிள்ளையின் மனத்தை அறிய முயலாதவர்தாம். எனினும் பெயர்ப்பட்டியலை அவர் போலீசு நிலையத்திற்கு அனுப்புவதில்லை. சுவாமிநாதன் அப்பள்ளியை விட்டு வெளியேறினாலும் வேறொரு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆசிரியரின் தண்டனை எத்துணைக் கொடியதாயினும் ஒரு வழியைத் திறந்தே வைக்கிறது. போலீசு ஏட்டில் ஏறிய பெயருக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. பிரம்பை நான் போற்றவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையைப் பள்ளிகளில் தடை செய்தது, அது நன்றே. ஆனால், பிரம்பு போன இடத்தில் லத்தி வந்து நிற்கலாகாது.

கற்பனையை விட்டு உண்மைக்கு வருவோம். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியின்போது, மைசூர் மகாராஜா கல்லூரியின் மாணவர் தலைவராக விளங்கிய எச். ஒய். சாரதா பிரசாத் சிறையிலடைக்கப்பட்டார். சிறையிலும் அவர் நாட்குறிப்பு எழுதினார். பிற்காலத்தில் பிரதமர் இந்திரா காந்தியின் செய்தி ஆலோசகராகப் பல ஆண்டு பணியாற்றியவர் அவரே. ஒரு காலத்து அரசாங்கம் அபாயம் என்று கருதிப் பூட்டிவைத்த வாயினின்று பிறந்த சொற்களே, மற்றொரு காலத்து அரசாங்கத்தின் சொற்களாயின. மாணவன் இன்று பேசுவதைக் கொண்டு அவன் நாளை யாராவான் என்று எந்த நிலைய அதிகாரியால் கணிக்க முடியும்?

விடுதலைக்குப் பின்னும் இக்கதை முடியவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்கள் அனைவர்க்கும் வழங்கியது. அதற்கு வயது வரம்பு எதுவும் கூறவில்லை. ஆயினும், 1965 ஜனவரி 27 அன்று, மொழிக் கிளர்ச்சியின்போது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். மைசூரின் நாற்சந்தியைப் போலவே சிதம்பரமும் ஒரு மாணவனின் பெயரைச் சுமக்கிறது. மொழிக் கொள்கையில் யார் எப்பக்கம் நின்றாலும், அந்த இழப்பைச் சரி என்று கூறுவார் இன்று எவருமிலர்.

அதே 1965-ஆம் ஆண்டின் டிசம்பரில், அமெரிக்காவின் டி மாயின் நகரில் மாணவர் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குச் சென்றனர். இராஜமகேந்திரபுரத்துச் சின்னத்தின் தம்பி என்று அப்பட்டையைச் சொல்லலாம். பள்ளி நிர்வாகம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது, போலீசாரிடம் ஒப்படைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1969 பிப்ரவரியில் ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்று தீர்ப்பளித்தனர். பள்ளியின் பணிக்கு உண்மையான இடையூறு நேராதவரை, மாணவர் தம் கருத்துரிமையைப் பள்ளி வாயிலில் இழந்துவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால், அந்நாட்டிலேயே வேறொரு வழக்கமும் வளர்ந்தது. 1950-களில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் நகரில் பள்ளிக்கென்றே போலீசு அதிகாரியை அமர்த்தினர். பின்னர் அது நாடெங்கும் பரவியது. விளைவு என்ன? 2011-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், வகுப்பில் வேண்டுமென்றே ஏப்பம் விட்டுத் தோழர்களைச் சிரிக்க வைத்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் கைவிலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டான். கல்விப் பணிக்கு இடையூறு செய்தான் என்பது குற்றச்சாட்டு. 2016-இல் மேல்முறையீட்டு மன்றத்தின் பெரும்பான்மை அந்த அதிகாரியின் பக்கமே தீர்ப்பளித்தது. நம் காலத்தில் அப்பையன் செய்ததற்கு வகுப்பு வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருப்பார்கள். வீட்டில் தெரிந்தால் இன்னொரு வசவு கிடைத்திருக்கும். போலீசார் பள்ளிக்குள்ளேயே இருந்தால், குறும்பும் குற்றப்பிரிவு எண்ணைத் தேடிக்கொள்கிறது.

நம் உச்ச நீதிமன்றமும் பள்ளிப் பிள்ளைகளின் உரிமையைப் பற்றிப் பேசியிருக்கிறது. 1985 ஜூலையில் கேரளத்துப் பள்ளி ஒன்றில், தேசிய கீதத்தின்போது எழுந்து மரியாதையாக நின்று, தம் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். நீதிபதி சின்னப்ப ரெட்டி 1986 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தது. பேச்சுரிமை என்பதில் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதை நாம் அறிந்துகொண்டது அப்பிள்ளைகளால்தான்.

இனி மைசூருக்கே திரும்புவோம். 2020 ஜனவரி 8 மாலை, தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர் தாக்கப்பட்டதைக் கண்டித்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் முன்னாள் மாணவி ஒருவர் காஷ்மீரைப் பற்றி இரண்டே ஆங்கிலச் சொற்கள் எழுதிய அட்டையை ஏந்தி நின்றார். அவர்மீது இராஜத்துரோக வழக்குப் பதிவாயிற்று. உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் அவருக்காக எவரும் வாதாடலாகாது என்று தீர்மானித்தது. பிற ஊர்களிலிருந்து வழக்கறிஞர்கள் முன்வந்தனர். அம்மாத இறுதியில் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் வழங்கியது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த அட்டை ஒரு பாடமாகத் தோன்றுகிறது. அவ்விரு சொற்களைத் தமிழாக்கும்படி என் மேசைக்குத் தாள் வந்திருந்தால், நான் எழுதுகோலை எடுக்குமுன் எழுதியவரைக் கேட்டிருப்பேன். 'காஷ்மீருக்குத் தனி விடுதலை' என்றும் அவை பொருள்படும். 'காஷ்மீரில் உள்ள தடைகளை நீக்குக' என்றும் பொருள்படும். அங்கே செய்தித் தொடர்புகள் முடக்கப்பட்டிருந்ததையே தாம் குறித்ததாக அம்மாணவி விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால், 'நீ சொன்னதன் பொருள் என்ன?' என்று முதலில் கேட்பது ஆசிரியரின் இயல்பு. 'எந்தப் பிரிவின்கீழ் இது வரும்?' என்று கேட்பது போலீசாரின் கடமை. முதற் கேள்வி கேட்கப்பட வேண்டிய இடத்தில் இரண்டாவது கேள்வி முந்திக்கொண்டால், சொன்னவர் மனம் என்னவென்று யாரும் அறியாமலே வழக்கு நடக்கும்.

அதே மாதத்தில், கருநாடகத்தின் வடகோடியிலுள்ள பீதரில் இதனினும் வருந்தத்தக்க நிகழ்ச்சி நடந்தது. பள்ளி ஒன்றில் சிறு பிள்ளைகள் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நாடகம் நடித்தனர். அதற்காக இராஜத்துரோக வழக்குப் பதிவாகி, தலைமையாசிரியையும், நடித்த பிள்ளை ஒன்றின் தாயும் கைது செய்யப்பட்டனர். போலீசார் பள்ளிக்குப் பலமுறை வந்து பிள்ளைகளை விசாரித்தனர். சீருடையிலும் ஆயுதத்தோடும் பிள்ளைகளை விசாரித்தது சிறார் சட்டத்திற்கு முரணானது என்று 2021-இல் கருநாடக உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. 2023 ஜூனில் வழக்கையே தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. பிள்ளைகளின் நாடகத்திற்கு நடப்பு அரசியலைவிடக் கல்வியில் ஆர்வம் ஊட்டும் பொருள்களே தகும் என்று நீதிபதி பள்ளிகளுக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரையை ஒருவர் ஒப்பலாம், ஒப்பாதும் இருக்கலாம். ஆனால், பள்ளி தவறியிருந்தால் அதற்குரியது அறிவுரையே, சிறையன்று என்பது அதனால் தெளிவாகிறது. அந்த அறிவுரையை ஒரு கல்வி அதிகாரி முதல் நாளே கூறியிருக்கலாம். அது பிள்ளைகளை வந்தடைய மூன்றாண்டும், தாய் ஒருத்தியின் சிறைவாசமும் வேண்டியிருந்தன.

இராஜத்துரோகப் பிரிவை 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டமே மாறிவிட்டது; நாட்டின் இறையாண்மைக்கு ஊறு செய்வதைப் பற்றிய 152-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. எண்கள் மாறலாம். அழைக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி மாறுவதில்லை.

அப்படியானால் பள்ளிக்குள் போலீசாருக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரிந்தால், அதனைப் போலீசாருக்கு அறிவித்தே தீர வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் சட்டம் ஆணையிடுகிறது. அறிவிக்காத நிர்வாகிக்குத் தண்டனையும் உண்டு. கத்திக்குத்து, தீவைப்பு போன்றவற்றிலும் ஆசிரியர் தனித்து நிற்க முடியாது. வேறுபாடு இதுதான்: பிள்ளையின் உடலுக்குத் தீங்கு நேரும்போது போலீசாரை அழைக்கத் தயங்குவது குற்றம். பிள்ளையின் வாய்ச்சொல்லுக்காகப் போலீசாரை அழைக்க விரைவது ஆசிரியப் பணியைக் கைவிடுவதாகும். பள்ளியின் பெயர் கெடுமே என்று முன்னதில் மூடி மறைப்பவர்களும், பின்னதில் முந்திக்கொள்பவர்களும் இருப்பதுதான் துன்பம்.

சட்டமும் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் கூறுவன இவை: பிள்ளையோடு பேசும் அதிகாரி சாதாரண உடையில் இருக்க வேண்டும், பிள்ளைக்கு விலங்கிடலாகாது, காவல் அறையில் அடைக்கலாகாது, கொடுங்குற்றமோ பெரியவரோடு சேர்ந்து செய்ததோ அல்லாதவிடத்து முதல் தகவல் அறிக்கை பதியலாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் இவற்றை மனப்பாடம் செய்து வைத்திருப்பது நலம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது இன்னும் வேண்டும். நம் பிள்ளை வீட்டில் ஒரு மொழியும், வீதியில் ஒரு மொழியும், வகுப்பில் ஒரு மொழியும் பேசுகிறது. அதன் வாயில் ஒரு சொல் இடறினால், அது இடறலா, இகழ்ச்சியா என்று பிரித்தறிய அதனை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரால்தான் முடியும். நிலையத்திற்கு அழைக்கப்பட்ட தந்தைக்கோ அங்குள்ள மொழியும் முழுதும் வராது. அருகில் உறவினரும் இரார். ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடச் செல்வதோடு நில்லாமல், ஆசிரியரைச் சென்று கண்டு பேசிப் பழகுதல் வேண்டும். வகுப்பில் ஏதேனும் நேர்ந்தால் முதலில் தமக்குச் சொல்லியனுப்புமாறு கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ரங்கபூரின் பெற்றோர் செய்ததும், சுருக்கமாகச் சொன்னால், இதுவே: பிள்ளையையும் பள்ளியையும் அவர்கள் வேறு எவரிடமும் விட்டுவிடவில்லை.

ஒழுக்கம், கட்டுப்பாடு என இரு சொற்கள் தமிழில் உள்ளன. ஒழுக்கம் உள்ளிருந்து ஒழுகி வருவது. கட்டுப்பாடு புறத்தே கட்டப்படுவது. பள்ளி வளர்க்க வேண்டியது முன்னதை. போலீசார் தர இயல்வது பின்னதை மட்டுமே. அடுத்த முறை இராமசாமி வட்டத்தைக் கடக்கும்போது, உடன் வரும் பிள்ளைக்கு அந்தப் பெயரின் கதையைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அப்பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். அக்கேள்வியை அடக்காமல் விடை சொல்லுங்கள்.